அசுரன்: சொல்லும் பொருளும்

‘அசுரன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கோரைப் பற்களும் சிவந்த கண்களும் கொண்ட ஓர் உருவம் மனத்தில் எழுகிறது. கோயில் தூண்களிலும், தெருக்கூத்து அரங்குகளிலும், வடநாட்டு ராம்லீலா மைதானங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் காணப்பட்டு வரும் உருவம் அது. ஆனால் இதே சொல் ரிக்வேத ரிஷி ஒருவரின் செவியில் விழுந்திருந்தால், அவரது உள்ளத்தில் பயம் எழுந்திருக்காது, பக்தியே எழுந்திருக்கும். உலக ஒழுங்கைக் காக்கும் வருணனையோ, பொற்கரம் கொண்ட ஸவிதாவையோ எண்ணி அவர் கைகூப்பியிருப்பார்.

தெய்வத்தைக் குறித்த ஒரு சொல், தெய்வத்தின் பகைவனைக் குறிக்கும் சொல்லாக மாறியது எவ்வாறு? சாஸ்திரங்கள் உண்மையில் யாரை அசுரன் என்கின்றன? இக்கேள்விகள் மொழி ஆராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயத்தை மனம் ஊன்றிப் படிக்கும் சாதகனுக்கு, ‘தெய்வீகக் குணங்கள், அசுர குணங்கள் என்ற இந்த இரு பட்டியல்களில் என் பெயர் எதில் இருக்கிறது?’ என்ற கலக்கம் எழுவதுண்டு. இச்சொல்லின் வரலாற்றை அறிந்தவனுக்கு அந்தக் கலக்கத்தை எதிர்கொள்வது எளிதாகிறது.

வேதத்தில் அசுரன்

ரிக்வேதத்தில் ‘அசுர’ என்ற சொல் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அது புகழ்ச்சிச் சொல்லே. வருணன், மித்திரன், அக்னி, இந்திரன், ஸவிதா, ருத்ரன் ஆகிய தெய்வங்கள் அசுரன் என்று போற்றப்படுகின்றனர். மூன்றாம் மண்டலத்தின் 55-ஆம் சூக்தம், தேவர்களின் ‘அசுரத்வம்’ மகத்தானது, அது ஒன்றே என்னும் கருத்தை ஒவ்வொரு மந்திரத்தின் முடிவிலும் வலியுறுத்துகிறது. அசுரத்தன்மை என்பது அங்கு தெய்வத்தன்மையின் மறுபெயர்.

சம்ஸ்கிருதத்தில் ‘அஸு’ என்றால் பிராணன், உயிர் மூச்சு. அந்த உயிராற்றலை நிறைவாகப் பெற்றவன் அசுரன் என்பது மரபு தரும் விளக்கங்களுள் ஒன்று. நிருக்தம் இயற்றிய யாஸ்கரும் இச்சொல்லுக்குப் பல விளக்கங்கள் தரும்போது ‘அஸு’வைக் குறிப்பிடுகிறார். ‘தலைவன்’ என்ற பொருள் கொண்ட மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து இச்சொல் வந்ததாக இக்கால மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். இரண்டில் எதை ஏற்றாலும், ஆற்றல் என்பதே இச்சொல்லின் முதற்பொருள். அந்த ஆற்றல் நல்லதா, தீயதா என்பதைச் சொல் தானாகச் சொல்லவில்லை.

ரிக்வேதத்திலேயே, குறிப்பாகப் பிற்காலப் பகுதிகளில், ‘அசுரரை அழிப்பவன்’ என்ற அடைமொழி இந்திரனுக்கும் அக்னிக்கும் தரப்படுவதைக் காண்கிறோம். பிராமண நூல்களின் காலத்திற்குள் மாற்றம் முழுமை பெற்றுவிடுகிறது. அங்கே தேவர்களும் அசுரர்களும் இடையறாது போரிடும் இரு அணிகள். ஆயினும் ஒரு செய்தியை அந்நூல்கள் மறக்கவில்லை: இரு அணியினரும் பிரஜாபதியின் மக்கள், ஒரே தந்தையின் பிள்ளைகள்.

இரு நாடுகளில் ஒரே சொல்

இந்தியாவின் அண்டை நாடான பண்டைய ஈரானில் இதே சொல் வேறொரு விதியைச் சந்தித்தது. சம்ஸ்கிருதத்தின் ‘ஸ’ ஒலி அவெஸ்தா மொழியில் ‘ஹ’ ஆகும். ‘ஸோம’ அங்கே ‘ஹவோம’; ‘ஸப்த’ அங்கே ‘ஹப்த’. அவ்வாறே ‘அசுர’ அங்கே ‘அஹுர’. ஜரதுஷ்டிரர் போதித்த பரம்பொருளின் பெயர் ‘அஹுர மஸ்தா’. மஸ்தா என்பது நம் ‘மேதா’ என்ற சொல்லோடு உறவுடையது. ஞானமே வடிவான இறைவன் என்பது அத்திருநாமத்தின் பொருள்.

ஈரானில் அசுரன் பரம்பொருளானான்; ‘தேவன்’ என்ற சொல்லோ ‘தைவ’ என்றாகித் தீய சக்திகளைக் குறித்தது. இந்தியாவில் தேவன் வணக்கத்திற்குரியவனாகவே நிலைத்தான், அசுரன் பகைவனானான். உறவுமுறையில் நெருங்கிய இரு மொழிகள், ஒரே இரு சொற்கள், நேர் எதிரான பொருள்கள்! (ஆங்கிலத்தின் ‘டெவில்’ என்ற சொல்லும் ‘தேவ’ என்பதிலிருந்து வந்தது எனச் சிலர் கூறுவர். அது சரியன்று. அவதூறு பேசுபவன் என்ற பொருளுடைய ‘தியாபொலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே அதன் மூலம்.)

இதிலிருந்து பெற வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு சமூகத்தின் தெய்வப் பெயர் மற்றொரு சமூகத்தில் பழிச்சொல்லாக இருக்கக்கூடும். பெயரை மட்டும் வைத்து எவரையும் எடை போட முடியாது.

‘சுரர்’ பிறந்த கதை

அசுரன் பகைவனான பின்னர், அச்சொல்லின் முதலெழுத்தான ‘அ’ எதிர்மறையைக் குறிப்பதாக மக்கள் எண்ணத் தொடங்கினர். ‘அதர்மம்’, ‘அஞ்ஞானம்’ போல ‘அ-சுரன்’ என்று பிரித்தனர். அவ்வாறு பிரித்ததால் ‘சுரன்’ என்ற புதிய சொல் கிடைத்தது. அதற்குத் தேவன் என்று பொருளும் அமைந்தது. ரிக்வேதத்தில் அசுரர் உண்டு, சுரர் இல்லை. எதிரியின் பெயரிலிருந்தே தேவர்களுக்கு ஒரு பெயர் உருவானது.

இந்தப் புதிய பிரிப்புக்கு வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டம் ஒரு கதையும் தருகிறது. பாற்கடலைக் கடைந்தபோது வருணனின் மகளான வாருணி தோன்றினாள். ‘சுரா’ எனப்படும் மதுவின் தேவதை அவள். அதிதியின் மைந்தர்கள் அவளை ஏற்றுக்கொண்டதால் சுரர் எனப்பட்டனர். திதியின் மைந்தர்கள் ஏற்க மறுத்ததால் அசுரர் எனப்பட்டனர். மதுவை மறுத்தவர்கள் அசுரர் என்னும் இக்கதை, அசுரர் என்றாலே ஒழுக்கமற்றவர் என்ற எளிய முடிவுக்கு இடம் தருவதில்லை.

காவலன் அரக்கனானான்

‘ராக்ஷஸன்’ என்ற சொல்லின் கதை இன்னும் ஆழமானது. தமிழில் ‘அரக்கன்’ என்றும் ‘இராட்சதன்’ என்றும் வழங்குவது இச்சொல்லே. ‘ரக்ஷ்’ என்ற தாதுவுக்குக் காத்தல் என்று பொருள். ‘ரக்ஷை’, ‘ரக்ஷகன்’, ‘ரட்சிப்பு’ முதலியவை இதிலிருந்து வந்தவை. காப்பாற்றும் சொல்லிலிருந்து அழிப்பவனின் பெயர் எப்படி வந்தது?

உத்தரகாண்டத்தில் அகஸ்தியர் ஸ்ரீராமரிடம் இதை விவரிக்கிறார். பிரஜாபதி முதலில் நீரைப் படைத்தார். அதைக் காப்பதற்கு உயிர்களைப் படைத்தார். பசியாலும் தாகத்தாலும் வருந்திய அவ்வுயிர்கள், ‘நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று வினவின. காக்குமாறு அவர் கட்டளையிட்டார். ‘காப்போம்’ என்றவர்கள் ராக்ஷஸர் ஆயினர். ‘யக்ஷாம’ என்று கூறியவர்கள் யக்ஷர் ஆயினர். ஆக, இலங்கையை ஆண்ட அரக்கர் குலத்தின் தொடக்கத்தில் இருப்பது ஒரு காவற்பணி, ஒரு வாக்குறுதி. காப்பதற்கென்று தரப்பட்ட வலிமை பிறரை விழுங்கும் வலிமையாகத் திரிந்தபோதுதான் அப்பெயர் அச்சத்திற்குரியதாயிற்று.

பாகவதமும் இதே குறிப்பைத் தருகிறது. ஹிரண்யாக்ஷன் - ஹிரண்யகசிபு, ராவணன் - கும்பகர்ணன், சிசுபாலன் - தந்தவக்ரன் என மூன்று பிறவி எடுத்தவர்கள் வைகுண்டத்தின் வாயிற்காவலர்களான ஜய விஜயர்கள். ஸனகாதி முனிவர்களைத் தடுத்து நிறுத்திய ஆணவமே அவர்களது வீழ்ச்சிக்குக் காரணம். பதவி, அறிவு, செல்வம் என எதுவாயினும், பிறருக்காகக் கையில் தரப்பட்ட ஒன்றைத் தனக்கென்று எண்ணும் கணத்தில் காவலன் அரக்கனாகிறான்.

மேலைநாட்டுச் சொல் தரும் குறிப்பு

அரக்கன், பூதம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘மான்ஸ்டர்’ என்ற சொல்லின் பிறப்பும் இங்கு கருதத்தக்கது. லத்தீன் மொழியின் ‘மோன்ஸ்ட்ரும்’ பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பண்டைய ரோமானியர்கள் இயற்கைக்கு மாறான பிறவிகளையும் நிகழ்ச்சிகளையும் இச்சொல்லால் குறித்தனர். அவை தெய்வங்கள் அனுப்பும் எச்சரிக்கை என்பது அவர்களது நம்பிக்கை. இச்சொல்லின் வேர் ‘மோனேரே’: நினைவூட்டுதல், எச்சரித்தல். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் சிசரோ, ‘காட்டுதல்’ என்ற பொருளோடு இதை இணைத்தார். எவ்வாறாயினும், எதையோ காட்டி எச்சரிக்க வந்ததே மான்ஸ்டர்.

வியப்பு இத்துடன் முடியவில்லை. ‘மோனேரே’ என்ற லத்தீன் சொல்லும், ‘மனஸ்’, ‘மதி’, ‘மந்திரம்’ ஆகிய சம்ஸ்கிருதச் சொற்களும் ‘நினைத்தல்’ என்ற பொருளுடைய ஒரே தொல்வேரிலிருந்து தோன்றியவை என்று மொழியியலாளர் கூறுகின்றனர். மேலைநாட்டு அரக்கனின் பெயரும் மனத்தின் பெயரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை! சொல்லாராய்ச்சி தற்செயலாகக் காட்டும் இவ்வுறவை, உபநிஷதங்கள் தத்துவமாகவே நிலைநாட்டுகின்றன.

புலன்களில் நடக்கும் போர்

பிருஹதாரண்யக உபநிஷதத்தின் முதல் அத்தியாயத்தில் தேவாசுரப் போர் ஒன்று வருகிறது. தேவர்கள் சிலர், அசுரர்கள் பலர். உத்கீதம் என்னும் சாமகானத்தால் அசுரரை வெல்லத் தேவர்கள் விரும்புகின்றனர். முதலில் வாக்கு பாடுகிறது. பொதுப்பயனைத் தேவர்களுக்கு அளித்துவிட்டு, இனிமையாகப் பேசும் சிறப்பை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. அந்தத் தன்னல இடைவெளி வழியே அசுரர்கள் அதைத் தீமையால் துளைத்து விடுகின்றனர். மூக்கு, கண், காது, மனம் ஆகியவற்றுக்கும் இதே கதி நேர்கிறது. இறுதியில் வாயினுள் உறையும் முக்கியப் பிராணன் பாடுகிறது. அது தனக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. உண்ணும் உணவைக்கூட எல்லாப் புலன்களுக்கும் பகிர்ந்து தருகிறது. அதன்மீது பாய்ந்த அசுரர்கள், கற்பாறையில் மோதிய மண்ணாங்கட்டிபோல் சிதறிப் போகின்றனர்.

இப்போர் எங்கே நடக்கிறது? ஆதிசங்கரர் தம் பாஷ்யத்தில் ஐயத்திற்கு இடமின்றி விளக்குகிறார். சாஸ்திர அறிவால் ஒளிபெற்ற புலன்களின் செயல்பாடுகளே தேவர்கள். பொருள்களின் பின்னால் இயல்பாக ஓடும் புலன்களின் செயல்பாடுகளே அசுரர்கள். சாந்தோக்கிய பாஷ்யத்தில் அவர் ‘அஸு’ என்ற பழைய சொல்லையே எடுத்தாள்கிறார்: தன் ‘அஸு’க்களில், அதாவது தன் பிராண, புலன் இயக்கங்களில் மட்டுமே களிப்பவன் அசுரன். இயல்பான ஓட்டத்திற்கு முயற்சி தேவையில்லை; ஆகவே அசுரர்கள் பலர். நெறிப்படுத்த முயற்சி தேவை. ஆகவே தேவர்கள் சிலர். இப்போர் ஒவ்வோர் உடலிலும் நாள்தோறும் நடக்கிறது.

ஈசாவாஸ்ய பாஷ்யத்தில் சங்கரர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். இரண்டற்ற பரமாத்ம நிலையை நோக்க, தேவர்கள்கூட அசுரர்களே என்கிறார். ஆன்மாவை அறியாதவரை, சொர்க்கத்தில் இருப்பவனுக்கும் பாதாளத்தில் இருப்பவனுக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை. தன்னைத் தேவர் அணியில் வைத்துப் பெருமிதம் கொள்ளும் சாதகனுக்கு இதைவிடக் கூர்மையான அறிவுரை வேறு இல்லை.

விரோசனன் திரும்பி வரவில்லை

சாந்தோக்கிய உபநிஷதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இந்திரனும் அசுரர் தலைவனான விரோசனனும் ஆத்ம ஞானம் வேண்டிப் பிரஜாபதியிடம் செல்கின்றனர். இருவரும் 32 ஆண்டுகள் பிரம்மச்சரியம் காக்கின்றனர். தவத்தில் விரோசனன் சிறிதும் குறைந்தவன் அல்லன். பிரஜாபதி ஒரு பாத்திரத்து நீரில் அவர்களது பிரதிபிம்பத்தைப் பார்க்கச் சொல்கிறார். நன்கு அணிந்து அலங்கரித்துக்கொண்டு மீண்டும் பார்க்கச் சொல்கிறார். கண்டதே ஆன்மா என்று இருவரும் மனநிறைவுடன் திரும்புகின்றனர்.

விரோசனன் நேரே தன் மக்களிடம் சென்று, ‘உடலே ஆன்மா, அதையே பேணுங்கள்’ என்று உபதேசிக்கிறான். இந்திரனுக்கோ வழியிலேயே ஐயம் எழுகிறது. உடல் குருடானால் இந்த ஆன்மாவும் குருடாகுமே! உடல் அழிந்தால் இதுவும் அழியுமே! அவன் விறகுச் சுள்ளிகளைக் கையில் ஏந்தி மீண்டும் வருகிறான். ஒருமுறையன்று, மும்முறை. மொத்தம் 101 ஆண்டுகள் குருவின் இல்லத்தில் வாழ்ந்த பின்னரே அவனுக்கு உண்மை விளங்குகிறது.

இருவரும் முதலில் ஒரே தவறைச் செய்தனர். ஒருவன் தவற்றில் நிறைவு கண்டான். மற்றவன் தவற்றை ஐயுற்றான். தானம் செய்யாதவனையும், சிரத்தை இல்லாதவனையும், வேள்வி செய்யாதவனையும் பார்த்து ‘இவன் அசுரன்’ என்று இன்றும் கூறுகின்றனர் என உபநிஷதம் அவ்விடத்தில் சேர்க்கிறது. கோரைப்பல்லைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

‘த’ என்ற ஓரெழுத்து

அதே பிரஜாபதியிடம் தேவர், மனிதர், அசுரர் ஆகிய மூவகை மக்களும் பயின்று முடித்து உபதேசம் கேட்டதைப் பிருஹதாரண்யகத்தின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. மூவருக்கும் அவர் ‘த’ என்ற ஒரே எழுத்தைத்தான் சொன்னார். தேவர்கள் அதைத் தமம், அதாவது புலனடக்கம் என்று புரிந்துகொண்டனர்; மனிதர்கள் தானம் என்று; அசுரர்கள் தயை என்று. மூவரும் சரியாகவே புரிந்துகொண்டதாகப் பிரஜாபதி ஏற்றார்.

இங்கு அசுரர்களின் விடையைக் கூர்ந்து நோக்க வேண்டும். தங்களிடம் இல்லாதது தயை என்பதை அவர்களே கண்டுகொண்டனர். எவரும் அவர்களைக் குற்றம் சாட்டவில்லை. தன் கொடுமையைத் தானே உணர்ந்து ஒப்புக்கொள்ளும் அளவுக்கு உள்ளத்தெளிவு அசுரனுக்கும் உண்டு என்கிறது வேதம். இதற்குப் பாஷ்யம் எழுதும்போது சங்கரர், மனிதர்களுக்கு வெளியே தேவரையும் அசுரரையும் தேட வேண்டியதில்லை என்று காட்டுகிறார். மற்ற நற்குணங்கள் இருந்தும் அடக்கம் குறைந்த மனிதர்கள் தேவர். பேராசை மிக்கவர்கள் மனிதர். பிறரைத் துன்புறுத்துபவர்கள் அசுரர். ஆகவே மூன்று உபதேசங்களும் ஒரே மனிதனுக்கு உரியவை.

பிறர்மீது வீசப்படும் சொல்

அசுரன் என்பது மனநிலையின் பெயர் என்று சாஸ்திரம் இவ்வளவு தெளிவாகக் கூறியிருந்தும், அது பிறரைச் சுட்டும் பெயராகப் பயன்படுத்தப்படுவது உண்டு. பாரத நாட்டின் நடைமுறை மரபோ இதில் வியக்கத்தக்க விரிந்த மனப்பான்மை கொண்டது. மைசூரின் பெயர் மகிஷாசுரனை நினைவூட்டுகிறது. ஹிமாசலப் பிரதேசத்தின் மணாலியில் 1553-இல் எழுப்பப்பட்ட கோயிலில், மகாபாரதம் அரக்கி என்று கூறும் ஹிடிம்பை தேவியாக வழிபடப்படுகிறாள். அசுர வேந்தன் மகாபலியின் வருகையைக் கேரளம் ஓணத் திருநாளாகக் கொண்டாடுகிறது. தமிழ் மரபில் முருகப் பெருமான் சூரபத்மனை இரு கூறாக்கி, மயிலாகவும் சேவலாகவும் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். பகைவனாக வந்தவன் வாகனமும் கொடியும் ஆகிறான்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில், நேதர்ஹாட் பீடபூமியைச் சுற்றிய பகுதிகளில், ‘அசுர்’ என்ற பெயருடைய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். கற்களிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கும் கலையை வழிவழியாக அறிந்தவர்கள். முண்டா குடும்பத்தைச் சேர்ந்த அவர்களது மொழி, அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அவர்களுள் பலர் மகிஷாசுரனைத் தம் முன்னோனாகக் கருதி, துர்கா பூஜை நாட்களில் துக்கம் காப்பதுண்டு. தேவியை வழிபடும் பக்தன் இதை எவ்வாறு எதிர்கொள்வது? அவன் தன் வழிபாட்டைக் கைவிட வேண்டியதில்லை. அம்மக்களின் பெயரை இழிவாக எண்ணவும் கூடாது. தேவி மாஹாத்மியத்தில் தேவர்கள் அன்னையைத் துதிக்கும்போது, போரில் கடுமை காட்டும் அவளது உள்ளத்தில் பகைவர்மீதும் கருணை நிறைந்திருப்பதைக் கண்டு வியக்கின்றனர். மகிஷனிடத்திலேயே கருணை காட்டும் அன்னைக்கு, அவன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் மக்கள் அயலவர் ஆவார்களா?

அர்ஜுனனின் கவலை

இனி, தொடக்கத்தில் எழுந்த கலக்கத்துக்கு வருவோம். கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் பகவான் முதல் மூன்று சுலோகங்களில் 26 தெய்வீகக் குணங்களை வரிசைப்படுத்துகிறார். நான்காம் சுலோகத்தில் அசுர குணங்களாக ஆறைக் கூறுகிறார்: பகட்டு, செருக்கு, தற்பெருமை, கோபம், கடுமை, அறியாமை. தெய்வீகக் குணங்கள் விடுதலைக்கும் அசுர குணங்கள் தளைக்கும் காரணமாகும் என்கிறார். உடனே அர்ஜுனனைப் பார்த்து, அவன் தெய்வீகச் சம்பத்துடன் பிறந்தவன், வருந்த வேண்டாம் என்று தேற்றுகிறார். அர்ஜுனன் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. ‘என்னிடம் இருப்பது எந்தச் சம்பத்து?’ என்று அவன் உள்ளத்துள் எழுந்த ஐயத்தை உணர்ந்தே பகவான் இவ்வாறு கூறினார் என்கிறார் சங்கரர்.

பின்னர் அசுரனின் பேச்சை பகவான் விவரிக்கிறார். இன்று அடைந்ததையும் நாளை அடையப்போவதையும் அவன் கணக்கிடுகிறான். அழித்த பகைவரை எண்ணி மகிழ்கிறான். குலத்தையும் செல்வத்தையும் பாராட்டிக்கொள்கிறான். கவனிக்க வேண்டியது என்னவெனில், வேள்வி செய்வேன், தானம் செய்வேன் என்றும் அவன் கூறுகிறான். வழிபாடும் கொடையும் அவனிடம் உண்டு. எல்லாச் செயலுக்கும் நடுவே ‘நான்’ வீற்றிருப்பதே அவனை அசுரனாக்குகிறது.

இத்தகையோர் மீண்டும் மீண்டும் அசுரப் பிறவிகளில் விழுகின்றனர் என்ற சுலோகங்கள் படிப்பவரை நடுங்கவைக்கும். ஆனால் பகவான் அங்கே நிறுத்தவில்லை. காமம், கோபம், பேராசை என்ற மூன்றும் நரகத்தின் வாயில்கள். அவற்றை விட்டவன் தனக்கு நன்மை தேடிக்கொண்டு பரமகதியை அடைகிறான் என்று தொடர்கிறார். வாயில் என்று சொன்னாலே வெளியேறவும் வழி உண்டு. ஒன்பதாம் அத்தியாயத்தில், மிகக் கொடிய ஒழுக்கம் உடையவனும் மனம் திரும்பி வழிபட்டால் சாது என்றே எண்ணத்தக்கவன் என்கிறார். பத்தாம் அத்தியாயத்தில், தைத்தியர்களுள் தாம் பிரகலாதன் என்கிறார். அசுரர் குலத்திலும் பகவானின் விபூதி உண்டு. மனிதர்களைப் பாவிகள் என்று அழைப்பதைச் சுவாமி விவேகானந்தர் 1893 செப்டம்பர் 19-ஆம் நாள் சிகாகோ சமயப் பேரவையில் வன்மையாக மறுத்ததும் இந்த மரபின் வழி நின்றே.

ஆகவே பதினாறாம் அத்தியாயத்தைப் படிக்கும் முறை ஒன்றே. அதை அயலாரின் முகத்துக்கு நேரே பிடிக்காமல் தன் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். உறங்கும் முன் அந்த ஆறு குணங்களை நினைவில் கொண்டு, இன்று யாரிடம் கடுமையாகப் பேசினோம், செய்த உதவியில் எவ்வளவு பகட்டு கலந்தது, பிறருக்காகக் கையில் தரப்பட்ட எதைத் தனதென்று எண்ணினோம் என்று சாதகன் பார்க்கலாம். கண்ணாடியில் தெரிவது அழகாக இல்லாமல் போகலாம். விரோசனனும் கண்ணாடி பார்த்தான், நிறைவுற்றுப் போய்விட்டான். இந்திரன் நிறைவுறாமல் விறகுச் சுள்ளிகளோடு திரும்பி வந்தான். ‘நான் அசுரனோ?’ என்று வருந்தும் சாதகன் இந்திரன் நடந்த அதே பாதையில்தான் நடக்கிறான். அவன் செய்ய வேண்டியது, குருவின் வாசலுக்கு மீண்டும் ஒருமுறை செல்வதே.